நம் பாஸ்காவும் நாம் காணாத யூதரும்

புதுக்கோட்டைச் சீமையில் தவக்காலம் பிறந்துவிட்டால் கத்தோலிக்க ஊர்களில் பாஸ்கா ஒத்திகையும் தொடங்கிவிடும். பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் உழைத்துக் களைத்த இளைஞர்கள் இரவில் கோவில் முற்றத்தில் கூடி வசனம் படிப்பர். ஆவூரில் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி நிகழும் பாஸ்காவும் அதனைத் தொடரும் தேர்பவனியும் மாவட்டமெங்கும் பெயர்பெற்றவை. பூஷே அடிகளார் தொடங்கிவைத்த தலம் அது. இன்றுள்ள கோவில் 1747-இல் எழுந்தது. வீரமாமுனிவர் பணிபுரிந்த மண். அத்தேர்விழாவில் சமய வேறுபாடு பாராமல் மக்கள் கூடுகின்றனர். இவையெல்லாம் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்கவை.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு சிற்றூரில் ஒத்திகை காணச் சென்றிருந்தோம். யூதர் வேடத்துக்கென நின்றவர்கள் முகத்தில் கரி பூசி, ஒட்டுமூக்கு வைத்து, கறுப்பு அங்கி உடுத்தியிருந்தனர். இயேசுவும் அன்னை மரியாவும் திருத்தூதர்களும் வெள்ளையிலும் நீலத்திலும் பொலிந்தனர். அருகில் நின்ற ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், “சாமி, ஏசுவக் கொன்ன யூதருங்க இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்டான். இயேசுவே யூதர்தாம் தம்பி, மாதாவும் யூதப் பெண்தான், இராயப்பரும் யூதரே என்றோம். சிறுவன் மேடையை ஒரு முறை பார்த்தான். “அப்ப அவங்களுக்கு மட்டும் ஏன் சாமி வேற உடுப்பு?” என்றான்.

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. அச்சிறுவன் தன் வாழ்நாளில் ஒரு யூதரையேனும் கண்டதில்லை. அவன் தந்தையும் பாட்டனும் கண்டிருக்க வழியில்லை. ஆயினும் யூதர் என்றால் யார், அவரை எப்படி நினைக்க வேண்டும் என்பது அவனுக்குப் பால்மணம் மாறுமுன்பே ஊட்டப்பட்டிருந்தது. கண்ணால் காணாத ஒரு மக்களினத்தை வெறுக்க நாம் எங்கே கற்றோம்? உலகெங்கும் யூத வெறுப்பு மீண்டும் தலைதூக்கும் இந்நாளில் இவ்வினாவை நாம் தட்டிக்கழித்தல் ஆகாது.

வெறுப்பு வந்த வழி

யோவான் நற்செய்தியில் ‘யூதர்’ என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. பல இடங்களில் பகைமைத் தொனியோடே வருகிறது. அந்நற்செய்தி முதல் நூற்றாண்டின் இறுதியில், யூதச் செபக்கூடத்துக்கும் அதனின்று பிரிந்துகொண்டிருந்த கிறிஸ்தவக் குழுவுக்கும் இடையே மனக்கசப்பு முற்றியிருந்த வேளையில் உருப்பெற்றது என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. எழுதியவரும் யூதர், எழுதப்பட்டவரும் யூதர். அச்சொல் பல இடங்களில் எருசலேமின் சமயத் தலைவர்களையே சுட்டுகிறது. ஆக, அது ஒரு வீட்டுக்குள் அண்ணன் தம்பியர் இட்ட சண்டை. வீட்டுச் சண்டையில் சொன்ன சொல்லைத் தெருவில் போகிறவர் எடுத்து ஆளும்போது அதன் பொருளே மாறிவிடுகிறது. திருச்சபை பிற இனத்தாரால் நிறைந்தபோது நேர்ந்தது இதுவே.

சிலுவைச் சாவு உரோமையரின் தண்டனை. தீர்ப்பு எழுதியவன் உரோமை ஆளுநன். ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் நம்பிக்கை அறிக்கையில் ஆண்டவரின் பாடுகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் பிலாத்து ஒருவனுடையதே. யூதர் என்னும் சொல் அங்கே இல்லை. எனினும் கிறிஸ்தவ நாடுகளில் பழி முழுவதும் ஒரு மக்களின் தலையில் ஏற்றப்பட்டது.

நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் கிறிஸ்தவர்கள் யூதரின் திருவிழாக்களுக்கு ஆவலோடு சென்றுவந்தனர். நம் தேர்விழாவுக்குப் பிற சமயத்தார் வருவது போன்ற இயல்பான உறவு அது. அவ்வுறவை அறுக்க எண்ணிய புனித யோவான் கிறிசோஸ்தோம் 386, 387 ஆண்டுகளில் யூதருக்கு எதிராக ஆற்றிய மறையுரைகள் மிகக் கடுமையானவை. நாம் போற்றும் பொன்வாய் மறைவல்லுநரின் சொற்களைப் பிற்காலத்தில் நாசியரும் தமக்குத் துணையாகக் கொண்டனர் என்பதை வேதனையோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1096-இல் முதற்சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் வழியில் வோர்ம்ஸ், மைன்ஸ் நகர்களின் யூதரைக் கொன்று குவித்தன. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் யூதர் தனி உடை உடுத்த வேண்டும் என்றும், ஆண்டவருடைய பாடுகளின் நாட்களில் அவர்கள் வெளியே நடமாடக் கூடாது என்றும் விதித்தது. ஒத்திகையில் அச்சிறுவன் கேட்ட ‘வேற உடுப்பு’ எண்ணூறு ஆண்டுப் பழமை உடையது.

நிலம் வாங்கவும் கைவினைச் சங்கங்களில் சேரவும் பல நாடுகளில் யூதருக்கு உரிமை இல்லை. வட்டி வாங்குதல் கிறிஸ்தவருக்குப் பாவம் எனத் தடுக்கப்பட்டிருந்ததால், அரசரும் பிரபுக்களும் அத்தொழிலுக்கு யூதரைத் தள்ளினர்; பின்னர் அதையே அவர்கள்மீது குற்றமாகச் சாட்டினர். நம் ஊரில் கந்துவட்டிக்காரனைப் படித்தவர்கள் ‘ஷைலாக்’ என்பது வழக்கம். நம்மவர் பிழிகின்ற வட்டிக்கும் யூதன் பெயரையே சூட்டியிருக்கிறோம்!

இதில் நாடக மேடைக்கும் பெரும் பங்கு உண்டு. உரோமையில் கொலோசேயத்தில் ஆண்டுதோறும் நடந்த பாடுகளின் நாடகத்தைக் கண்டு திரும்பியவர்கள் யூதர் குடியிருப்பைத் தாக்கியதால், 1539-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் காலத்தில் அந்நாடகமே நிறுத்தப்பட்டது. செருமனியின் ஓபராமெர்காவ் சிற்றூர் மக்கள் 1633-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி நேர்ந்துகொண்டு, 1634 முதல் பாடுகளின் நாடகத்தை நடத்திவருகின்றனர். நம் பாஸ்காவுக்கு மூத்த தமக்கை எனலாம். அதன் முந்நூறாம் ஆண்டு விழாவை 1934-இல் நேரில் கண்டு மகிழ்ந்தவன் ஹிட்லர். இத்தனைக்கும், 1566-இல் வெளிவந்த திரிதெந்து சங்கத்தின் மறைக்கல்வி நூல், ஆண்டவரின் சாவுக்கு நம் பாவங்களே காரணம் என்றும், அவரை அறிந்தும் பாவம் செய்யும் நம் குற்றம் யூதருடைய குற்றத்தினும் பெரிது என்றும் தெளிவாகவே போதித்திருந்தது. ஏடு ஒன்று சொல்ல, மேடை வேறொன்று சொல்லிற்று. மக்கள் கண்டது மேடையையே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வெறுப்பு புதுச்சட்டை அணிந்தது. 1879-இல் செருமானியரான வில்லெம் மார் ‘செமித்திய எதிர்ப்பு’ என்னும் பொருள்படும் சொல்லைப் பரப்பினார். இனி யூதரின் குற்றம் அவர்தம் சமயத்தில் அன்று, இரத்தத்தில் உள்ளது என்றாயிற்று. இரத்தத்தைத் திருமுழுக்கு நீராலும் கழுவ இயலாது. யூதக் குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கராகி, கார்மேல் கன்னியாகவும் ஆகிவிட்ட எடித் ஸ்டைன் 1942 ஆகஸ்டு 9 அன்று அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் மாண்டனர். கொலையைத் திட்டமிட்டது திருச்சபை அன்று. நாசியம் கிறிஸ்துவுக்கும் பகையே. ஆனால் அவ்விதை விழுந்து முளைத்த நிலத்தைப் பல நூற்றாண்டுகளாக உழுதுவைத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

கொல்லத்துச் செப்பேடும் கோவாவின் நெருப்பும்

இவையெல்லாம் மேலைநாட்டார் செய்த பாவம், நமக்கென்ன என்று தோன்றலாம். நம் மண்ணின் வரலாறு இரண்டு ஏடுகளை நம் முன் வைக்கிறது.

முதல் ஏடு கொல்லத்தினுடையது. 849-ஆம் ஆண்டு, வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவக் கோவிலுக்கு அளித்த கொடையைச் செப்பேடுகளில் பொறித்தார். அக்கொடைக்குச் சாட்சியாக முஸ்லிம்கள் கூபி எழுத்தில் அரபியிலும், வேறு சிலர் பகலவி எழுத்திலும், யூதர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியிலும் கையொப்பமிட்டுள்ளனர். கிறிஸ்தவக் கோவிலின் உரிமைக்கு இந்து அரசன் கொடையாளன். முஸ்லிமும் யூதரும் சாட்சிகள்! ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு, ஜோசப் இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கி, உலகும் திங்களும் உள்ளளவும் அவை அவர் வழியினர்க்கு உரியன என்று வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்தான். அச்செப்பேடு கொச்சி யூதரால் போற்றிக் காக்கப்பட்டது.

இரண்டாம் ஏடு கோவாவினுடையது. 1492-இல் இஸ்பானியா யூதரை நாடு கடத்தியது. 1497-இல் போர்த்துக்கல் அவர்களை வலிந்து திருமுழுக்குப் பெறச் செய்தது. அவ்வாறு ‘புதுக் கிறிஸ்தவர்’ ஆக்கப்பட்டோரில் பலர் கடல் கடந்து கீழைநாடு வந்தனர். அவர்களுள் ஒருவர் மருத்துவர் கார்சியா தெ ஓர்தா. இந்திய மூலிகைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1563-இல் கோவாவில் அச்சேறியது. நம் நாட்டு மருந்துகளை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்த அரிய நூல் அது. அவர் 1568-இல் இறந்தார். மறைவாக யூத நெறியைக் கடைப்பிடித்தார் என்னும் குற்றச்சாட்டில் அவர் தங்கை கத்தரீனா 1569-இல் கோவாவில் எரிக்கப்பட்டார். 1580-இல் கார்சியாவின் எலும்புகளும் கல்லறையிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன. 1560-இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் தவிர, 1812 வரை நீடித்த கோவா சமய விசாரணை மன்றத்தின் செயல் இது. அம்மன்றத்தால் அல்லலுற்றோரில் புதிதாக மனம் மாறிய இந்நாட்டு மக்களே மிகப் பலர்.

இங்கே நமக்கு அருமையானதொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். முத்துக்குளித்துறை மக்களுக்குத் தமிழில் செபம் கற்பித்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1546 மே 16 அன்று அம்போய்னா தீவிலிருந்து போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிய மடலில், மோசேயின் சட்டப்படியும் முகமதிய நெறிப்படியும் வாழ்வோர் கீழைநாட்டில் பலர் இருப்பதால் சமய விசாரணை மன்றம் வேண்டும் எனக் கேட்டார். மன்றம் வருமுன் 1552-இல் அவர் மறைந்தார். அதன் கொடுமைகளை அவர் காணவில்லை. அவருடைய தியாகத்தை இம்மடல் அழித்துவிடாது. ஆனால் புனிதரும் தம் காலத்தின் குருட்டுத்தனத்துக்கு ஆட்பட்டவர் என்பதை அறிவது, நம் குருட்டுத்தனத்தை நாம் தேடிப் பார்க்க உதவும்.

போர்த்துக்கீசியரிடமிருந்து தப்பிய யூதர் எங்கே போயினர்? கொச்சி அரசன் தன் அரண்மனை மதிலை ஒட்டி அவர்களுக்கு இடம் கொடுத்தான். மட்டாஞ்சேரியின் பரதேசி செபக்கூடம் அங்கே 1568-இல் எழுந்தது. அதன் நானூறாம் ஆண்டு விழாவில் 1968-இல் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். சென்னையிலும், 1688-இல் நகராட்சி அமைந்தபோது ஆல்டர்மேன்களாக அமர்ந்தவர்களுள் போர்த்துக்கீசியப் பெயர் தாங்கிய யூத வணிகரும் இருந்தனர். அவர்களது பவள வாணிபத்தைப் பவளக்காரத் தெரு இன்றும் நினைவூட்டுகிறது.

யூதருக்குத் தீங்கு இழைக்காத நாடு எனப் பாரதத்தைப் பாராட்டுவோர் உண்டு. அப்பாராட்டு கொச்சி அரசர்களையும் அவர்தம் குடிகளையும் சாரும். இம்மண்ணில் யூதரை எரித்த நெருப்பு நம் சமயத்தின் பெயரால் மூட்டப்பட்டது.

இன்று வெறுப்பை வளர்ப்பவை

2018 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் செபக்கூடத்தில் கூடியிருந்த பதினொரு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2025 அக்டோபர் 2 அன்று, யூதரின் பாவப் பரிகார நாளில், மான்செஸ்டர் செபக்கூடம் தாக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று சிட்னியின் பாண்டை கடற்கரையில் விளக்குத் திருவிழாவுக்குக் கூடியவர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதினைந்து பேர் மாண்டனர். நம் நாட்டிலும், 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய கொலைஞர் நரிமன் இல்லத்தைத் தேடிச் சென்று, இரபி ஒருவரையும் அவர் மனைவியையும் சேர்த்து ஆறு பேரைக் கொன்றனர்.

இதற்கெல்லாம் காரணம் யாது? ஒரு நாட்டு அரசின் செயலுக்கு ஒரு மக்களினம் முழுவதையும் பொறுப்பாக்குவதை முதலிற் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இயக்கத்தார் இஸ்ரயேலுக்குள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றனர். 251 பேரைப் பிணையாகக் கொண்டுசென்றனர். தொடர்ந்த போரில் காசாவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்கிறது அங்குள்ள நலத்துறை. 2025 ஜூலை 17 அன்று காசாவின் ஒரே கத்தோலிக்கக் கோவிலான திருக்குடும்ப ஆலயமும் தாக்குதலுக்கு உள்ளாகி மூவர் இறந்தனர். இக்கொடுமை கண்டு நெஞ்சு பதைப்பதும், அவ்வரசைக் கண்டிப்பதும் யூத வெறுப்பு அன்று. அவ்வாறு கண்டிக்கும் யூதரும் பலர். ஆனால் காசாவின் பழியை மான்செஸ்டரில் செபித்துக்கொண்டிருந்த முதியவர்மேல் சுமத்தும்போது கோபம் நீதியின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதுபோலவே, இஸ்ரயேலைப் புகழ்வதாகச் சொல்லிக்கொண்டு நம் ஊர் முஸ்லிம் அண்டை வீட்டாரை இழிவுசெய்வதும் அதே பாவத்தின் மறுபக்கமே. சிட்னியில் துப்பாக்கி ஏந்தியவனைப் பின்னிருந்து பாய்ந்து பிடித்து அதைப் பறித்தவர், அகமது அல் அகமது என்னும் முஸ்லிம் பழக்கடைக்காரர்.

அடுத்தது, சதிக் கதைகளின் கவர்ச்சி. விலைவாசி ஏன் ஏறுகிறது, நோய் ஏன் பரவுகிறது, வேலை ஏன் கிட்டவில்லை என்னும் கடினமான கேள்விகளுக்கு, மறைவாக அமர்ந்து உலகை ஆட்டுவிக்கும் சிலர் என்பது எளிய விடை. நம் இளைஞர் கைபேசிகளில் ‘இலுமினாட்டி’ பற்றிய தமிழ்க் காணொளிகளைக் கண்டு வியக்கின்றனர். பதின்மூன்று குடும்பங்கள், யூத வங்கிகள் என அக்கதை நீளும். உண்மையில் அச்சங்கம் 1776-இல் பவேரியாவில், இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் கற்பித்த ஆதாம் வைஸ்ஹாப்ட் என்பவர் தொடங்கியது. அவர் இயேசு சபையாரிடம் பயின்றவர், யூதர் அல்லர். பத்தாண்டுக்குள் அரசு அதனைத் தடைசெய்துவிட்டது. 1903-இல் இரஷ்யாவில் வெளியான ‘சீயோன் மூப்பரின் நடவடிக்கைக் குறிப்புகள்’ யூதரின் உலகச் சதித்திட்டம் எனப் பரப்பப்பட்டது. மூன்றாம் நெப்போலியனை எள்ளி மொரீஸ் ஜோலி 1864-இல் எழுதிய, யூதரைப் பற்றிப் பேசாத ஒரு நூலிலிருந்து அது களவாடப்பட்டது என்பதை 1921-இல் இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் மெய்ப்பித்தது. நூறாண்டு கடந்தும் அப்பொய் சாகவில்லை. பிட்ஸ்பர்க் கொலைஞனும் யூதரே அந்நியரை நாட்டுக்குள் கொண்டுவந்து நிரப்புகின்றனர் என்னும் கதையை நம்பியவனே.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, பிறப்பால் குற்றம் ஒட்டும் என்னும் எண்ணம். இதனை உணர நாம் ஐரோப்பா செல்ல வேண்டுவதில்லை. இன்ன சாதியில் பிறந்தவன் இன்னவாறுதான் இருப்பான் என்னும் பேச்சு நம் டீக்கடைகளிலும், ஏன், நம் கோவில் முற்றங்களிலும்கூடக் கேட்கிறது. கல்லறையிலும் பிறப்பைப் பார்த்துச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு மக்களினத்தைப் பிறப்பாலேயே கறைபட்டதாகக் காணப் பழகிய கண்ணுக்கு, யூதரை அவ்வாறு காண்பது எளிதாகிவிடுகிறது. யூத வெறுப்புக்கு யூதர் தேவையில்லை. பழி சுமக்க ஒரு வேடம் ஒழிவாக இருந்தால் போதும்; யாரையும் அதில் நிறுத்திவிடலாம்.

நாம் செய்யத்தக்கது

அவுஷ்விட்ஸில் மனைவியையும் மகளையும் இழந்த பிரெஞ்சு வரலாற்றறிஞர் ஜூல் இசாக், கிறிஸ்தவப் போதனையில் படிந்துள்ள இகழ்ச்சியைக் களைய வேண்டுமென 1960 ஜூன் 13 அன்று திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானை நேரில் கண்டு வேண்டினார். புனித வெள்ளி மன்றாட்டில் யூதரை இழித்துரைத்த சொல்லை அத்திருத்தந்தை 1959-இலேயே நீக்கியிருந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று, எதிர்ப்பு 88 வாக்குகளே இருக்க, 2,221 வாக்குகளால் ஏற்ற ‘நோஸ்திரா எத்தாத்தே’ அறிக்கை, ஆண்டவரின் பாடுகளுக்கு அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்கலாகாது என்று தீர்த்துரைத்தது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1986-இல் உரோமைச் செபக்கூடத்துக்குச் சென்று யூதரை மூத்த சகோதரர் என்றழைத்தார். 2000-இல் எருசலேமின் மேற்குச் சுவரில் மன்னிப்பு வேண்டும் செபத்தைத் தம் கையால் செருகினார்.

அவ்வறிக்கைக்கு அறுபது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. உரோமையிலிருந்து நம் பாஸ்கா மேடைக்கு அது இன்னும் முற்றாக வந்து சேரவில்லை. ஓபராமெர்காவ் மக்கள் தம் நாடகத்தைத் திருத்திக்கொண்டனர். அங்கே இன்று இயேசு யூத இரபியாகவே மேடையேறுகிறார். நம்மாலும் இயலும். பழைய கையெழுத்துப் படிகளில் ‘யூதர்’ என்று வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தலைமைக் குருக்கள், காவலர், கூட்டத்தார் என நற்செய்தி காட்டும் ஆளைச் சொல்லலாம். கரியும் ஒட்டுமூக்கும் வேண்டா. குருத்து ஞாயிறு மறையுரையில் ஐந்து மணித்துளி இதற்கு ஒதுக்கலாம். ஆவூர் மண்ணில் பணிபுரிந்த வீரமாமுனிவர் 1726-இல் தேம்பாவணியின் தலைவனாக்கிப் போற்றிய வளன் தாவீதின் குலத்து யூதத் தச்சரே என்பதை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம்.

மும்பை நரிமன் இல்லத்தில் வேலைபார்த்த சாந்திரா சாமுவேல் என்னும் இந்தியப் பெண், இறந்துகிடந்த பெற்றோரின் அருகே அழுதுகொண்டிருந்த இரண்டு வயது யூதக் குழந்தை மோஷேயைத் தூக்கிக்கொண்டு குண்டுகளினிடையே வெளியே ஓடிவந்தார். கொல்லத்துச் செப்பேட்டில் கையொப்பமிட்டவர்களின் வழியில் நின்றவர் அவர்.

அச்சிறுவனின் ஊரில் மறு ஆண்டு பாஸ்காவுக்குத் துணி எடுக்கும்போது இளைஞர்களிடம் பேசினோம். இயேசுவுக்கும், அவரைப் பின்தொடர்ந்த கூட்டத்துக்கும், அவரைச் சிலுவையில் அறையக் கூவிய கூட்டத்துக்கும் ஒரே துணியில் அங்கி தைத்தனர். நாடகம் முடிந்து இறங்கியபோது மூதாட்டி ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்: “யாரு நம்ம ஆளு, யாரு கெட்டவனுன்னே தெரியலையே சாமி!” அவர் தெரியாமல் சொன்னது நற்செய்தியின் உண்மை. அக்கூட்டத்தில் நாமும் நின்றோம்.